கடல் பக்கம் ஒரே ஒரு கதவு

என் அன்பு மச்சி மலருக்கு,

கிழக்குச் சுவரை உடைத்துவிட்டோம். நீ போய்ப் பதினான்கு மாதமாகிறது. இத்தனை நாளில் உன்னைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டுமென்று கை பரபரத்த முதல் செய்தி இதுதான். பழக்கத்தில் போனைக்கூட எடுத்துவிட்டேன். உன் நம்பர் இன்னும் அதில் இருக்கிறது.

அதனால் எழுதுகிறேன். மருந்துக்கடைக்கு மேலே நம்முடைய அலுவலகத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். கீழே கல்முனை பஸ் நிலையத்துச் சத்தம் எப்போதும் போலக் கேட்கிறது. எதிரே உன் மேசை. அதில் நான் யாரையும் உட்கார வைக்கவில்லை. தூசி மட்டும் தட்டுகிறேன்.

இதை உனக்கு மட்டும் எழுதி மடித்து வைத்திருக்கலாம். ஆனால் நான் செய்த பிழை ஊரார் முன்னிலையில் செய்த பிழை. அதைச் சொல்வதும் அவர்கள் காதில் விழ வேண்டும். ஆகவே உனக்குத் தெரிந்தவற்றையும் கொஞ்சம் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள். வாசிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாதே.

நான் மருதமுனைக்காரி, நீ பாண்டிருப்புக்காரி. எங்களுடையது முஸ்லிம் ஊர், உங்களுடையது தமிழ் ஊர். பக்கத்துப் பக்கத்து ஊர். நடந்து போகலாம். ஆனாலும் நாம் முதலில் சந்தித்தது சுனாமிக்குப் பிறகு, இடிந்த வீடுகளை அளக்கப் போன இடத்தில்தான். அளவு நாடாவின் ஒரு முனையை நீ பிடித்துக்கொண்டு நின்றாய், மறுமுனையை என்னிடம் தந்தார்கள். நீ பொறியியலாளர், நான் கட்டடக் கலைஞர். இரண்டு பேரும் அப்போதுதான் படிப்பை முடித்திருந்தோம்.

அந்தக் காலத்தில் எழும்பிய பொதுக் கட்டடங்கள் உனக்கு நினைவிருக்கும். நாலு பக்கமும் கண்ணாடி. குளிரூட்டி ஓடினால்தான் உள்ளே இருக்கலாம். குளிரூட்டி பழுதானதும் கட்டடத்தைப் பூட்டிவிட்டுத் சாவியைக் கொண்டுபோய்விடுவார்கள். அப்படிப் பூட்டிக் கிடந்த ஒரு மண்டபத்தின் படியில் உட்கார்ந்து நாம் சோற்றுப் பொதியைப் பிரித்த மத்தியானம் நீ சொன்னாய்: "இந்தக் கட்டடத்துக்கு நம்மட ஊரத் தெரியா மச்சி. காத்து எந்தப் பக்கத்தால வருது எண்டு ஒருத்தரிட்டயும் கேக்காமக் கட்டியிரிக்காங்க."

அந்தப் பேச்சிலிருந்துதான் நம் அலுவலகம் பிறந்தது. பிறகு எத்தனை கட்டடம் செய்தோம்? பாலர் பாடசாலை, சந்தைக் கொட்டகை, தாய் சேய் நிலையம். எங்கே போனாலும் நீ முதலில் கேட்பது காற்றைப் பற்றித்தான். இரண்டாவது, மழைத்தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று. மூன்றாவதாகத்தான் மனிதர்களைப் பற்றிக் கேட்பாய். ஆனால் அவர்களிடமிருந்துதான் மற்ற இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்வாய்.

பிறகு நூலகம் வந்தது.

மருதமுனையின் கடைசி ஒழுங்கைக்கும் பாண்டிருப்பின் முதல் ஒழுங்கைக்கும் நடுவே அந்த வெறுங்காணி கிடந்தது. வடக்கு ஒழுங்கையில் எங்கள் ஆட்கள், தெற்கு ஒழுங்கையில் உங்கள் ஆட்கள். இரண்டு ஒழுங்கையும் கிழக்கே போய்க் கடற்கரைப் பாதையில் முட்டும். அந்தக் காணியில் ஒரு பொது நூலகமும் அதோடு சேர்ந்த சிறு மண்டபமும் கட்ட முடிவானது. இரண்டு ஊருக்கும் ஒன்று என்று கேட்டபோது நீ மேசையைத் தட்டிச் சிரித்தாய்.

படத்தை வரைந்தது நான். ஆனால் அதற்கு மூச்சுக் கொடுத்தது நீ. மேற்குப் பக்கம் தடித்த சுவர், யன்னலே இல்லை. கச்சான் காற்று அனலாய் அடிக்கும் மாதங்களில் அதை அந்தச் சுவரே தடுக்கும். கிழக்கே, கடலைப் பார்த்து, அகலமான ஒரே ஒரு கதவு. கடற்காற்று அதனால் உள்ளே வரும். சூடான காற்று மேலே ஏறி, மேற்குச் சுவரின் உச்சியில் விட்ட துவாரங்களால் வெளியே போகும். மின்சாரம் இல்லாத நாளிலும் உள்ளே இருந்து வாசிக்கலாம். கூரையில் விழும் மாரி மழை முழுக்க நிலத்துக்குக் கீழே தொட்டிக்குப் போகும்.

எந்த ஒழுங்கையால் வந்தாலும் கடற்கரைப் பாதைக்குப் போய்த்தான் உள்ளே நுழைய வேண்டும். "கடற்கர ரெண்டு ஊருக்கும் ஒண்டுதானே. அதால எல்லாரும் அந்தப் பக்கத்தால வரட்டும்" என்றாய். காற்றுக்கும் மனிதர்களுக்கும் ஒரே வாசல். அவ்வளவு எளிதான படம். நான் வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான்.

கல்லுக்காக நீ பட்ட பாட்டையும் சொல்லத்தான் வேண்டும். சம்மாந்துறையில் நெல் ஆலைகளுக்குப் பின்னால் எரித்த உமியின் சாம்பல் குன்று குன்றாய்க் கிடக்கும். காற்றடித்தால் பக்கத்து வீட்டுச் சோற்றில் விழும். அந்தச் சாம்பலைச் சுண்ணாம்போடும் மணலோடும் சேர்த்துக் கல் அறுத்தால் சீமெந்தைப் பாதியாய்க் குறைக்கலாம் என்று நீ பிடிவாதமாய் நின்றாய். முதல் தடவை அறுத்த கல் மழையில் கரைந்தது. இரண்டாவது தடவை வெடித்தது. ஆலைக்காரர்கள் உனக்குச் சாம்பல் மிஸ் என்று பெயர் வைத்தார்கள். உழவு இயந்திரத்தில் மூட்டைகளுக்கு மேலே உட்கார்ந்து, கண்ணிமை வரை சாம்பலோடு நீ வந்து இறங்கிய நாளில் உன்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

நீ அப்படிச் சம்மாந்துறையில் நின்ற ஒரு நாளில்தான் நான் அந்தப் பிழையைச் செய்தேன்.

கட்டடக் குழு படத்தைப் பார்க்கக் கூடியது. மருதமுனைக்காக ஹனீபா சேர் வந்தார், ஓய்வுபெற்ற ஆசிரியர். பாண்டிருப்புக்காகக் கணேசண்ணன் வந்தார், கரைவலைக்காரர். இரண்டு பேரும் ஒருவரோடொருவர் மரியாதையாகத்தான் கதைத்தார்கள். ஆனால் கதவுக்கு வந்ததும் இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள்.

"எங்கட பொம்புளப் புள்ளைகள் கடற்கரையால சுத்திப் போய் எல்லாரோடயும் ஒரே வாசலால நுழையிறதா? ஊருல ஒத்துக்க மாட்டாங்க புள்ள. எங்கட ஒழுங்கைக்கு ஒரு கதவு வையுங்க" என்றார் ஹனீபா சேர்.

"எங்களுக்கும் அதுதான் மிஸ்" என்றார் கணேசண்ணன். "நம்மட பக்கம் ஒரு கதவு இரிக்கட்டும். நாளைக்கு ஒரு பிரச்சின எண்டா புள்ளைகள் ஓடி வாறத்துக்கு."

இரண்டு பேருக்கும் பயப்படக் காரணம் இருந்தது. யுத்த காலத்தில் இரண்டு ஊருக்கும் நடுவே நடந்தவை இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. அன்று அவர்களிடம் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உட்கார்ந்து அந்தப் பயத்தைக் கேட்டிருக்கலாம். மலர் வரட்டும், அடுத்த கிழமை கதைப்போம் என்றாவது சொல்லியிருக்கலாம். கூட்டத்தில் இருந்த அதிகாரி, இரண்டு கதவென்றால் இன்றே ஒப்புதல், இல்லையென்றால் அடுத்த வருடம் என்றார். நான் பென்சிலை எடுத்தேன். வடக்கே ஒரு கதவு, தெற்கே ஒரு கதவு. மூன்றாவது வாசல் எதற்கு, புத்தக அலுமாரி வைக்கச் சுவர் வேண்டுமே என்று யாரோ சொன்னார்கள். கிழக்கையும் அடைத்தேன். கீழே கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் நீ அந்தப் படத்தை மேசையில் விரித்து நெடுநேரம் பார்த்தாய்.

"காத்து எங்கால வரும் பர்ஸி?"

"ரெண்டு பக்கமும் கதவு இரிக்கே."

"வடக்கையும் தெக்கையும் மதில் இரிக்கு, வீடு இரிக்கு. காத்து அங்கால வராது எண்டு உனக்குத் தெரியும்."

"இல்லாட்டி நூலகமே இல்லாமப் போயிரும் மலர். ஒண்டுமே இல்லாம இரிக்கிறத்துக்கு இது பரவால்லதானே?"

நீ படத்தைச் சுருட்டினாய். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். "கதவு ரெண்டு வெச்சா நடுவில சுவர் தானா வரும் மச்சி. நாம கட்டத் தேவல்ல" என்று மட்டும் சொன்னாய். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாய்.

பிறகும் நீ வேலையை விடவில்லை. அத்திவாரக் கணக்கு, தூண் கணக்கு, கல்லு எல்லாம் நேரத்துக்கு வந்தன. நீ மட்டும் வரவில்லை. தாள்களைக் கட்டி யாரிடமாவது கொடுத்தனுப்புவாய். நானும் ரோசத்தில் இருந்தேன். பாண்டிருப்புக்கும் மருதமுனைக்கும் நடுவே எத்தனை தடவை பஸ்ஸில் போயிருப்பேன்? ஒருதரம் இறங்கியிருக்கலாமே.

கூரை ஏறுகிற நேரத்தில் உனக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டேன். இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். எட்டு மணிநேரம் பஸ்ஸில் தேடித்தேடி எடுத்து வைத்த சொற்கள் வார்டு வாசலில் நின்று உன்னைப் பார்த்ததும் காணாமல் போய்விட்டன. உன் தலையில் முடி இல்லை. நாம் மாம்பழத்தைப் பற்றிக் கதைத்தோம். என் மகளின் பரீட்சையைப் பற்றியும், கட்டாரில் என் அவருக்குப் புது வேலை கிடைத்ததைப் பற்றியும் கதைத்தோம். கதவைப் பற்றி நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

நான் எழும்பும்போதுதான் கேட்டாய். "கூரை போட்டாச்சா?"

"ஓம், போட்டாச்சு."

"உள்ளுக்குக் காத்து எப்பிடி?"

"நல்லா வருது மலர்" என்றேன்.

அது பொய். அடுப்பங்கரை போலக் கிடந்தது. நீ கண்ணை மூடிக்கொண்டு இலேசாய்ச் சிரித்தாய். நம்பினாயா? எப்படி நம்பியிருப்பாய், கணக்கெல்லாம் போட்டவள் நீதானே. அப்படியென்றால் அந்தச் சிரிப்பு எதற்கு? பதினான்கு மாதமாய் நான் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தொழுதுவிட்டுக் கையேந்தும்போதும் இதுதான் முதலில் வருகிறது.

அதற்குப் பத்தாம் நாள் நீ போய்விட்டாய். பாண்டிருப்பில் உன் வீட்டுக்கு வந்தேன். பெண்கள் உன்னைச் சுற்றியிருந்து அழுதார்கள். எனக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை. முற்றத்து வேலியோரம் நின்றேன். உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது பெண்கள் படலை வாசலோடு நின்றுவிட்டார்கள், நானும் நின்றேன். பிறகு எட்டாம் நாளுக்கும் வரவில்லை, முப்பத்தோராம் நாளுக்கும் வரவில்லை. உன் அம்மா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நூலகம் திறந்தார்கள். ரிப்பன் வெட்டினார்கள், கேக் வெட்டினார்கள். என் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள். உன் பெயரைச் சொல்ல மறந்துபோனார்கள். நானாவது எழும்பிச் சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு நடந்ததைக் கேள். கதவு இரண்டானதும் எல்லாமே இரண்டானது. வடக்கே ஒரு பெயர்ப்பலகை, தெற்கே ஒன்று. சைக்கிள் விட இரண்டு கொட்டகை. தொட்டித் தண்ணீருக்கு இரண்டு பைப். பத்திரிகை மேசை இரண்டு. ஒரே பத்திரிகையை இரண்டு வாங்கிப் போட்டார்கள். எங்கள் பிள்ளைகள் வடக்கால் வந்து வடக்குப் பக்கம் இருந்தார்கள். உங்கள் பிள்ளைகள் தெற்கால் வந்து தெற்குப் பக்கம் இருந்தார்கள். யாரும் யாரையும் தடுக்கவில்லை. நாலைந்து மாதத்தில் யாரோ புத்தக அலுமாரிகளை நகர்த்தி, மண்டபத்தின் நடுவே மேற்கிலிருந்து கிழக்குவரை ஒரே வரிசையாய் வைத்துவிட்டார்கள். சத்தம் குறையும் என்று வைத்தார்களாம்.

அலுமாரிச் சுவரின் முன்னால் நின்றபோது உன்னை நினைத்தேன். பக்கத்தில் நீ நின்றிருந்தால், நான் சொன்னேனே என்று சொல்லியிருக்க மாட்டாய். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாய் இருந்தது.

சூட்டைத் தாங்க முடியாமல் குளிரூட்டி பொருத்தினார்கள். கச்சான் மாதங்கள் வந்தன, மின்சாரம் அடிக்கடி நின்றது. மின்சாரம் நின்றால் உள்ளே கால்மணி நேரம் இருக்க முடியாது. வடக்குப் பக்கத்தார் வடக்கால் வெளியே போய் மதில் நிழலில் நிற்பார்கள், தெற்குப் பக்கத்தார் தெற்கால். கொஞ்சம் கொஞ்சமாய் ஆட்கள் வருவதே நின்றது. நாம் இருபது வருடத்துக்கு முன்னால் படியில் உட்கார்ந்து சாப்பிட்ட அந்தக் கட்டடத்தை, நானே என் கையால் இன்னொரு தரம் கட்டி வைத்திருந்தேன்.

இதை மாற்றத் தொடங்கியது நானில்லை, சுகந்தி. நூலகத்தைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை. நாவிதன்வெளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். இரண்டு ஊருக்கும் சொந்தக்காரி இல்லை. உதவிக்கு ஆள் தருவதாகச் சொல்லி யாரும் வரவில்லை. இரண்டு கதவையும் ஒருத்தியாய்ப் பார்க்க முடியாமல், ஒரு நாள் வடக்குக் கதவைத் திறந்து தெற்கைப் பூட்டினாள், மறுநாள் தெற்கைத் திறந்து வடக்கைப் பூட்டினாள். யாரையும் கேட்கவில்லை.

ஊர் கொதித்தது. வடக்கைப் பூட்டிய நாளில் எங்கள் ஆட்கள் உங்கள் ஒழுங்கையால் சுற்றிப்போக வேண்டியிருந்தது, மறுநாள் உங்கள் ஆட்கள் எங்கள் ஒழுங்கையால். சிலர் கோபித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குத் திரும்பிப் போக வழியில்லை, சுற்றிப் போனார்கள். இரண்டு ஒழுங்கைக்கும் நடுவே கடற்கரைப் பாதையால்தான் போக வேண்டும். நீ அன்று சொன்ன வழி.

முறைப்பாடு போனது. கூட்டம் கூட்டினார்கள். சுகந்தியை விலக்குவதாகக் கதை அடிபட்டது. அவள் அன்று காலை அலுவலகத்துக்கு வந்து, உன் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே கேட்டாள்: "மிஸ், நீங்கதானே இந்தக் கட்டடத்தக் கட்டினீங்க. ஒரு ஆளுக்கு ரெண்டு கதவு எப்பிடி மிஸ்? எனக்கு ஒரு சோடிக் கண்தானே இரிக்கு."

நான் அவளோடு போனேன். அதே மேசை, அதே ஆட்கள். ஹனீபா சேருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். சுகந்தியைப் பற்றித் தொடங்கினார்கள். நான் எழும்பினேன்.

"பிழ சுகந்தியில இல்ல" என்றேன். "பிழ என்னிலதான். முதல்ல வரைஞ்ச படத்துல கடல் பக்கம் ஒரே ஒரு கதவுதான் இருந்துது. அது மலர்ட யோசன. அத அடைச்சா காத்து வராது எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டன். மலர் என்னோட அதுக்காகத்தான் கதைக்காம இருந்தவ."

ஹனீபா சேர்தான் கேட்டார்: "அப்ப ஏன் புள்ள அண்டைக்குச் சொல்லல்ல?"

"பயந்துட்டன் சேர்."

கணேசண்ணன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நாங்களும் பயத்திலதானே மிஸ் கேட்டம்." ஹனீபா சேரின் பக்கம் திரும்பினார். "சேர், என்ட மகள் இப்ப ஒருநாள் விட்டு ஒருநாள் உங்கட ஒழுங்கையாலதான் போறா. ஒண்டும் நடக்கல்ல. முந்தநாள் ஒரு வீட்டுல தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு வந்திரிக்கா."

"எங்கட பக்கத்துல யார்ட வீட்ட?" என்று ஹனீபா சேர் கேட்டார். பெயரைச் சொன்னதும், "அது என்ட சாச்சிர மகள்ட வீடு" என்றார், சின்னம்மா மகளின் வீடாம். அதற்குப் பிறகு அவர் அதிகம் எதிர்க்கவில்லை.

ஒரே நாளில் முடிந்துவிடவில்லை. மூன்று கூட்டம் போனது. ஒருவர் எழும்பி, இந்த மிஸ் சொல்வதை இனி எப்படி நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. நம்பச் சொல்லவில்லை, ஒரு கிழமைக்குக் கிழக்குச் சுவரில் நாலு கல்லை மட்டும் கழற்றிப் பாருங்கள் என்றேன். கழற்றினார்கள். மத்தியானத்தில் ஹனீபா சேர் அந்த ஓட்டைக்கு நேரே கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை எழும்பவில்லை.

சுவரை உடைக்க மேசன் நசீர் வந்தார். ஒரு நாள் வேலை என்று சொன்னவருக்கு மூன்று நாள் பிடித்தது. இரண்டு உளி முறிந்தது. "மிஸ், இது என்ன கல்லு? இரும்பு மாதிரிக் கிடக்கு" என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். சம்மாந்துறைச் சாம்பல் என்றேன். நம்பாமல் ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது மலர், பிறகு சிரிப்போடு அழுகையும் வந்தது. தூசி கண்ணில் விழுந்ததென்று சொல்லிச் சமாளித்தேன்.

வடக்குக் கதவும் தெற்குக் கதவும் இப்போது யன்னல். அலுமாரிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டோம். கிழக்கே அகலமான கதவு, இரண்டு பக்கமும் பூவரசங் கன்று. குளிரூட்டியைக் கழற்றவில்லை, ஆனால் போடுவதில்லை. போன கிழமை மின்சாரம் நின்றபோது உள்ளே இருந்தவர்கள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

உனக்குப் பொய் சொல்ல மாட்டேன், இனி. சிலர் வருவதை நிறுத்திவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் இரண்டு மூன்று வீட்டார் பெண் பிள்ளைகளை அனுப்புவதில்லை. உங்கள் பக்கத்தில் ஒருவர், சந்தாவைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். வருகிற பிள்ளைகளும் கட்டிப் பிடித்துக்கொண்டு இருக்கவில்லை. வாசலுக்கு நேரே இருக்கும் குளிர்ச்சியான மேசைக்குச் சண்டை பிடிக்கிறார்கள். முந்தாநாள் உங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி எங்கள் ஊர்ப் பிள்ளையின் கொப்பியை நகர்த்திவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பெரிய வாய்த்தர்க்கம். சுகந்தி இரண்டு பேரையும் ஒரே மேசையில் ஆளுக்குப் பாதியாய் இருத்திவிட்டாள். மூக்கை விடைத்துக்கொண்டு இரண்டும் பின்னேரம்வரை இருந்தன.

கிழக்குக் கதவு திறந்த நாள் உன் அம்மா வந்தார்.

நான் கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு முகமில்லை. கணேசண்ணன் சொல்லியிருக்க வேண்டும். வெள்ளைச் சேலையோடு கடற்கரைப் பாதையால் தனியே நடந்து வந்தார். உள்ளே வந்து நாலு பக்கமும் பார்த்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். ஏன் வீட்டுப் பக்கம் வரவில்லை என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"இதில மலர் செஞ்சது எது மகள்?" என்று கேட்டார்.

தூண் கணக்கும் அத்திவாரக் கணக்கும் கண்ணுக்குத் தெரியாதே. அவர் கையைப் பிடித்து மேற்குச் சுவருக்குக் கூட்டிப்போனேன். "இந்தக் கல்லெல்லாம் அவ செஞ்சது அம்மா" என்றேன். வெளியே மேற்கு வெயில் அந்தச் சுவரைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. அம்மா உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். நெடுநேரம் எடுக்கவில்லை.

"குளிரா இரிக்கு" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். பிறகு கதிரையில் உட்கார்ந்து ஒரு பத்திரிகையை வாங்கி வாசித்தார். இப்போது கிழமைக்கு ஒருதரம் வருகிறார். நானும் அந்த நாளைப் பார்த்துப் போகிறேன். பெரிதாய் ஒன்றும் கதைப்பதில்லை. போன தடவை பனங்காய்ப் பணியாரம் கொண்டுவந்து தந்தார். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தனியே இருந்து சாப்பிட்டேன். மகள் படிக்கப் போய்விட்டாள், கட்டாரிலிருந்து என் அவர் வருவதற்கு இன்னும் ஒரு வருடம். பாதியை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தேன்.

கட்டடம் சரியாகிவிட்டது, மலர். ஆனால் வேலை முடிந்து திரும்பி வரும் வழியில் அதைப் பற்றிக் கதைக்க ஆளில்லை. இது இப்படி வந்திருக்கிறது பார் என்று யாரிடம் காட்டுவேன்? நன்றாயிருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எது சரியில்லை என்று சொல்கிறவள் நீ மட்டும்தான்.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. திருக்கோவில் பக்கம் மீனவர்களுக்கும் வயல்காரர்களுக்கும் பொதுவாய் ஒரு மண்டபம் கட்டித் தரக் கேட்டிருக்கிறார்கள். நேற்றுக் காணி பார்க்கப் போனேன். இருபது வருடத்தில் முதல்தரமாக ஒரு வெறுங்காணியில் நான் தனியே நின்றேன். அளவு நாடாவின் ஒரு முனையை ஆணியில் மாட்டிவிட்டு அடுத்த முனையை இழுத்துக்கொண்டு நடந்தேன். பக்கத்து வளவில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"தனியாவா வந்தீங்க மிஸ்?"

"ஓம்" என்றேன். "தனியாத்தான்."

அவள் குனிந்து நாடாவின் முனையை எடுத்துப் பிடித்துக்கொண்டாள். நான் அவளிடம் காற்று எந்தப் பக்கத்தால் வரும் என்று கேட்டேன். கையை நீட்டிக் காட்டினாள். மாரி வெள்ளம் எங்கே தேங்கும் என்று கேட்டேன், காட்டினாள். பிறகு, இந்த மண்டபம் வந்தால் உங்களுக்கு எதைப் பற்றிப் பயமாயிருக்கும் என்று கேட்டேன். அதை நாம் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை, நீயும் கேட்டதில்லை. அவள் யோசித்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். மணலில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி எந்தப் படத்திலும் கோடு போடுவதற்கு முன்னால் அவர்களுடைய பயத்தை இப்படி உட்கார்ந்து கேட்பேன். கேட்ட பிறகும் ஒரு வாசலை அடைக்கக்கூடாது என்று எனக்குப் பட்டால், மேசையில் யார் இருந்தாலும், அது எந்த வருடத்துக்குத் தள்ளிப்போனாலும், கையெழுத்துப் போட மாட்டேன். இனி என் கையெழுத்துக்குப் பக்கத்தில் உன் பெயரும் இருக்கும். உன் அம்மாவிடம் கேட்டுவிட்டேன். ஓம் என்றார்.

உன்னோடு சண்டை பிடித்தபடியே தனித்துப்போன,
உன் மச்சி
பர்ஸானா